வீட்டுல தமிழ்னு போட்டா இங்கிலீஷ் தெரியாதவங்க கணக்குல சேத்துடுவாங்களா?

எடிசன்வாசி: சென்சஸ் பீரோ எடுக்குற அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே ஃபார்ம் வந்திருக்குங்க, வீட்டுல இங்கிலீஷ் தவிர வேற மொழி பேசுவீங்களான்னு கேட்டுட்டு அடுத்து இங்கிலீஷ் எவ்ளோ நல்லா பேசுவீங்கன்னும் கேக்குறான். தமிழ்னு போட்டா ஏதாச்சும் வில்லங்கமா?

பழைய_பெஞ்சு: ஒண்ணும் ஆகாது. ரெண்டும் தனித்தனி கேள்வி. முதல் கேள்வி 5 வயசும் அதுக்கு மேலயும் இருக்குற எல்லாருக்கும் உண்டு, வேற மொழி பேசுறேன்னு சொன்னவங்களுக்கு மட்டும்தான் இங்கிலீஷ் கேள்வி. ஆனா 'வெரி வெல்' தவிர வேற எதை டிக் பண்ணாலும், வெறும் 'வெல்' போட்டாக்கூட, இங்கிலீஷ் குறைவா தெரிஞ்சவங்க கணக்குல போயிடும். ஆபீஸ்ல நாள்பூரா மீட்டிங் பேசுற நம்மாளு தன்னடக்கமா 'வெல்' போடுவாரு பாருங்க, அங்கதான் காமெடி. டெஸ்ட் எல்லாம் கிடையாது, நீங்க சொல்றதுதான்.

குவீன்ஸ்_குமார்: அம்மா அப்பா கூட இருந்தா அவங்களுக்கு உள்ளத உள்ளபடி போடுங்க சார். இந்த சர்வே கணக்க வெச்சுத்தான் பாப்பாங்க: ஒரு கவுன்ட்டில (நம்மூர் மாவட்டம் மாதிரி) இங்கிலீஷ் சரியா வராத ஒரே மொழிக்காரங்க, அதுவும் ஓட்டுப்போடுற வயசுள்ள சிட்டிசன்ஸ், 10,000 பேருக்கு மேலயோ 5 சதவீதத்துக்கு மேலயோ இருந்தா அந்த மொழியில வாக்குச்சீட்டு குடுக்கணும்னு சட்டம் இருக்கு, எழுதப்படிக்கத் தெரியாதவங்க விகிதமும் பாப்பாங்க. எங்க நியூயார்க் குவீன்ஸ்ல 2013ல பெங்காலி வாக்குச்சீட்டு வந்தது அப்படித்தான்.

எடிசன்வாசி: அம்மா கிரீன் கார்டுதான், ஓட்டு இல்ல. சரி, இருக்குறதயே போட்டுடுறேன்.

பழைய_பெஞ்சு: மொழி கட்டத்துல 'இந்தியன்'னு எழுதிடாதீங்க, தமிழ்னே எழுதுங்க!