சுபாரு எஸ்டிஐ 2.5: டவுன்பைப் போட்டதும் நாக், பூஸ்ட் எகிறல், ஆயில் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

கிள்ளான் ஹேட்ச்:

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி 2011 டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ ஹேட்ச்பேக், இஜே257 இன்ஜின், ஆறு கியர் மேனுவல், 118,000 கிமீ. இன்ஜினைப் பிரித்ததில்லை. டைமிங் பெல்ட் 100,000-ல் மாற்றியாச்சு.

போட்டிருப்பவை: 3 அங்குல டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்), அதற்குப் பின்னால் முழு எக்ஸாஸ்ட், ஸ்டாக்கை (கம்பெனி பாகத்தை) விட அகலமான குழாயுள்ள கோல்ட் ஏர் இன்டேக், மூன்று போர்ட் பூஸ்ட் சொலினாய்டு (பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு). டர்போ (விஎஃப்48), இன்டர்கூலர், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் ஸ்டாக். டவுன்பைப்புக்கென்று கிடைக்கும் ரெடிமேட் மேப்பை (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கான செட்டிங்) ஆக்ஸஸ்போர்ட் என்ற கருவியால் ஏற்றியிருக்கிறேன். பெட்ரோல் ரான் 97 (ஆக்டேன் எண்) மட்டும்தான் ஊற்றுவது.

பிரச்சினை: டிஏஎம் (டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, ஈசியூ எவ்வளவு முன்தள்ள விடுகிறது என்ற எண்; 1.0 முழு அளவு) 1.0-லிருந்து 0.81-க்கு இறங்கிவிட்டது. 2,800-லிருந்து 3,600 ஆர்பிஎம்-க்குள் ஃபைன் நாக் லேர்ன் (நாக், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிப்பதைக் கேட்டு ஈசியூ குறைத்துவைத்த டைமிங்) -2.8 டிகிரி காட்டுகிறது. மூன்றாவது கியரில் பூஸ்ட் 1.38 பார் வரை எகிறி, 5,500-ல் 1.15-க்கு வந்து நிற்கிறது. மேப்பின் இலக்கு 1.2. ஆனால் ஃபுல் த்ராட்டிலில் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) 11.0, அதில் குறை தெரியவில்லை. ஏஎஃப் லேர்னிங் (ஈசியூ கற்றுக்கொண்ட பெட்ரோல் திருத்தம், சதவீதத்தில்) ஏ ரேஞ்சில் (ஐடில்) +14, டி ரேஞ்சில் (அதிகக் காற்றோட்டம்) +9. ஆயில் 1,000 கிமீ-க்கு அரை லிட்டர் குறைகிறது.

ரிங்லேண்ட் (பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள பகுதி) போய்விட்டதா? ரான் 100 ஊற்றினால் போதுமா? ஆயிலை 5டபிள்யூ-30-லிருந்து 10டபிள்யூ-60-க்கு மாற்றலாமா?

பாக்ஸர் பட்டறை:

தம்பி, முதலில் பூஸ்ட் ஏறும் அளவுக்கு மிதிப்பதை நிறுத்துங்கள். முடிந்தால் இன்றே ஸ்டாக் மேப்புக்குத் திரும்புங்கள். ஆனால் இன்டேக்கையும் சொலினாய்டையும் ஸ்டாக்குக்கு மாற்றாமல் மேப்பை மட்டும் மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். மூன்றும் சேர்ந்தேதான் மாற வேண்டும்.

உங்கள் எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. இந்த வண்டி காற்றை அளப்பது எம்ஏஎஃப் சென்சாரால். சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் பெரிதானால், அதே அளவு காற்று மெதுவாகப் போகும். வோல்டேஜ் குறையும், ஈசியூ காற்று குறைவு என்று நினைத்துக்கொள்ளும். க்ரூஸில் மிக்ஸ்சர் லீன் (பெட்ரோல் குறைவு) ஆவதை ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து, பெட்ரோலைக் கூட்டச் சொல்லும். உங்கள் டி ரேஞ்ச் +9 அப்படி வந்ததுதான். அந்த டி ரேஞ்ச் திருத்தம் ஃபுல் த்ராட்டிலுக்கும் போய்ச் சேரும். ஏஎஃப்ஆர் 11.0 என்று அழகாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான், ட்யூன் சரியாக இருப்பதல்ல.

ஆபத்து எங்கே என்றால், அந்தத் திருத்தம் பெட்ரோலை மட்டும்தான் சரிசெய்யும். லோடு கணக்கு எம்ஏஎஃப் சொன்ன குறைந்த எண்ணிலேயே நிற்கும். டைமிங் டேபிளில் லோடு குறையக் குறைய அட்வான்ஸ் (முன்தள்ளல்) கூடும். ஆக, இன்ஜின் உண்மையில் அதிக லோடில் ஓடுகிறது, ஈசியூ குறைந்த லோடுக்கான டைமிங்கைக் கொடுக்கிறது. நாக் வராமல் எப்படி இருக்கும்? ஏஎஃப்ஆர் ஒன்றை மட்டும் பார்த்து "மேப் நல்லாத்தான் இருக்கு" என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ரெடிமேட் மேப் எந்த இன்டேக்குக்கு எழுதப்பட்டதோ அந்த இன்டேக்குடன் மட்டுமே ஓட வேண்டும். டவுன்பைப் மேப்பின் குறிப்பில் ஸ்டாக் ஏர்பாக்ஸ் என்று இருந்தால் ஸ்டாக் ஏர்பாக்ஸ்தான். இந்த டர்போவுக்கு ஏர்பாக்ஸ் ஒரு தடையே அல்ல, நல்ல பேப்பர் ஃபில்டர் தாராளம். எண்ணெய் தடவும் ஃபில்டர் வேண்டாம், அந்த எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்தாலும் அளவு தப்பும்.

ஏ ரேஞ்ச் +14 என்பது தனிக் கதை. ஐடிலில் மட்டும் கூடுதலாக ஏறியிருக்கிறது என்றால், எம்ஏஎஃப்-க்குப் பிறகு எங்கோ அளக்காத காற்று உள்ளே வருகிறது. டர்போவுக்குப் போகும் ரப்பர் இன்லெட் குழாய், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் வளைந்து போகிறதே, அதுவும் அதோடு சேரும் பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் அமைப்பு) டி-துண்டும்தான் எனக்கு முதல் சந்தேகம். வெப்பத்தில் விறைத்து, கிளாம்ப் ஓரத்தில் கீறல் விடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்மோக் டெஸ்ட் செய்யுங்கள். காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பதென்றால் எம்ஏஎஃப்-க்கு அடுத்த குழாயை மூடி, மெதுவாக 1 பார் வரை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். அதற்கு முன் பிரீதர் குழாய்களைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போய் சீல்களைத் தள்ளிவிடும்.

லாக் பார்ப்பவர்:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பூஸ்ட் விஷயத்தை நான் சொல்கிறேன்.

எகிறி, பிறகு கீழே வருகிறது என்றால் அது ஸ்பைக். ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் ஏறிக்கொண்டே போய், வேஸ்ட்கேட் (புகையின் ஒரு பகுதியை டர்போவுக்குள் போகவிடாமல் திருப்பும் கதவு) டியூட்டி (சொலினாய்டு இயங்கும் சதவீதம்) பூஜ்யத்துக்கு வந்த பிறகும் நிற்காவிட்டால் அது கிரீப். கிரீப் என்றால் டவுன்பைப் இழுக்கும் வேகத்துக்கு வேஸ்ட்கேட் துளை போதவில்லை, துளையைக் கடைந்து பெரிதாக்குவதைத் தவிர ட்யூனர் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுடையது ஸ்பைக். எனவே சொலினாய்டு பக்கம் வாருங்கள்.

ஸ்டாக் சொலினாய்டு இரண்டு போர்ட், அழுத்தத்தைக் கசியவிட்டுக் கட்டுப்படுத்தும் வகை. கம்ப்ரஸரிலிருந்து வரும் சின்ன ரப்பர் குழாய்க்குள் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும், நடுவில் ஊசித்துளை. விரலால் குழாயை நசுக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கல் மாதிரி தட்டும். மூன்று போர்ட் போடும்போது அந்தப் பித்தளைத் துண்டை எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தம் தாமதமாகப் போய்ச் சேரும், அதற்குள் பூஸ்ட் எகிறிவிடும். அது இல்லாவிட்டாலும், இரண்டு போர்ட்டுக்கு எழுதிய டியூட்டி டேபிளில் மூன்று போர்ட்டை ஓட்டினால் ஓவர்பூஸ்ட் நிச்சயம். கஸ்டம் ட்யூன் வரை ஸ்டாக் சொலினாய்டைத் திரும்பப் போடுங்கள், பித்தளைத் துண்டோடு.

லாக் எடுக்கும்போது இவை கட்டாயம்: ஆர்பிஎம், த்ராட்டில், பூஸ்ட், எம்ஏஎஃப் கிராம், லோடு, ஏஎஃப்ஆர், டைமிங், ஃபீட்பேக் நாக், ஃபைன் நாக் லேர்ன், டிஏஎம், வேஸ்ட்கேட் டியூட்டி, இன்ஜெக்டர் டியூட்டி, ஏஎஃப் கரெக்‌ஷன், ஏஎஃப் லேர்னிங். ஆயில் நன்றாகச் சூடான பிறகு மூன்றாவது கியரில் 2,500-லிருந்து 6,500 வரை ஒரே இழுப்பு. டைனோவிலோ செப்பாங் டிராக் டேயிலோ எடுங்கள், நெடுஞ்சாலையில் வேண்டாம். லேசான த்ராட்டிலில் நாக் எண் ஒரு -1.4 எப்போதாவது வந்து போனால் அது நாக் அல்லாத வேறு சத்தமாக இருக்கலாம். லோடில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப -2.8 வந்து டிஏஎம்-மும் இறங்கினால் சத்தம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஒன்று மறக்கக்கூடாது: காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் எம்ஏஎஃப்-க்குள்ளேயே இருக்கிறது, அதாவது டர்போவுக்கு முன்னால். நம் வெயிலில் நெரிசலில் நின்று, இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலர் சுட்டுப்போனால் ஈசியூவுக்கு அது தெரியவே தெரியாது. டோல் தாண்டியவுடன் மிதிக்காமல், சில நிமிடம் காற்று படும்படி சீராக ஓட்டிவிட்டு மிதியுங்கள்.

ஈப்போ டர்போ:

ஆயில் குறைவதற்கும் நாக்குக்கும் தொடர்பு இருக்கிறது. பிசிவி வழியாக ஆயில் ஆவி இன்டேக்குக்குள் போனால் பெட்ரோலின் ஆக்டேன் அந்த அளவுக்கு அடிபடும். இன்டர்கூலரைக் கழற்றி அடியில் ஆயில் தேங்கியிருக்கிறதா பாருங்கள். ஈரப்படலம் சகஜம், ஊற்றும் அளவுக்கு இருந்தால் சகஜமல்ல. அந்த நிலையில் ஏர்-ஆயில் செபரேட்டர் போடுவது வீண் செலவு இல்லை. ஆனால் ரிங்லேண்ட் உடைந்த இன்ஜினில் அதைப் போட்டால் நோயை மறைத்த மாதிரிதான்.

ஆகவே லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) முதலில். கம்ப்ரஷன் மட்டும் போதாது: ரிங்லேண்ட் கீறியிருந்தும் கம்ப்ரஷன் ஓரளவு சரியாகவே காட்டும். ஸ்டாண்டர்டு 981-லிருந்து 1,177 கிலோபாஸ்கல், சிலிண்டர்களுக்கு இடையில் 49-க்கு மேல் வித்தியாசம் கூடாது. பேட்டரி முழு சார்ஜ், நான்கு பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுதாகத் திறந்து, இன்ஜெக்‌ஷனைத் துண்டித்துவிட்டு அளவெடுங்கள். லீக்-டவுனில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின். 20 தாண்டி, ஆயில் மூடி பக்கம் உஸ்ஸென்று காற்று வந்தால் பிஸ்டன் பக்கம் பிரச்சினை. 4-வது சிலிண்டரைக் கூர்ந்து பாருங்கள். இடது பக்கம் பின்னால், ஃபயர்வாலை ஒட்டி இருப்பது. இந்த இன்ஜினில் பெரும்பாலும் அதுதான் முதலில் போகும். பேட்டரியைக் கழற்றினால் 2, 4 பிளக்குக்குக் கை போகும். போரஸ்கோப் விட்டு சிலிண்டர் சுவரில் செங்குத்துக் கீறல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிளக் வெளியே வந்ததும் புதிதாகவே போடலாம்: ஒரு படி குளிர்ந்த என்ஜிகே எல்எஃப்ஆர்7ஏஐஎக்ஸ், இடைவெளி 0.7 மிமீ, இறுக்கம் 21 நியூட்டன் மீட்டர். இன்ஜின் ஆறிய பிறகே பிளக்கைத் தொடுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போகும்.

10டபிள்யூ-60 வேண்டாம். குளிர் ஸ்டார்ட்டில் ஓட்டம் மந்தமாகும், ஆயில் குறைவதன் காரணமும் அப்படியே இருக்கும். ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-40, 5,000 கிமீ-க்கு ஒருமுறை. இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு ஒருமுறை டிப்ஸ்டிக், காலையில், சமதளத்தில். மேல் கோட்டைத் தாண்டவும் வேண்டாம், தாண்டினால் அதுவும் பிசிவி வழியாகத்தான் வெளியே போகும். ஆயில் பானைக் கழற்றும் வேலை எப்போது வந்தாலும் பிக்கப் குழாயைப் பாருங்கள், அதன் பிரேஸிங் இணைப்பில் விரிசல் விடுவது இந்த இன்ஜினின் பழைய வியாதி. காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும். டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பின் பாஞ்சோ போல்ட்டுக்குள் சின்ன வலை இருக்கும், 118,000-ல் அது அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். புதிது போடுங்கள்.

ரான் 100 நல்லதுதான். ஆனால் அது கூடுதல் பாதுகாப்பு, மருந்து அல்ல. பாட்டில் ஆக்டேன் பூஸ்டரைத் தொடாதீர்கள். மாங்கனீஸ் கலந்தவை பிளக்கிலும் ஆக்ஸிஜன் சென்சாரிலும் செம்மண் நிறத்தில் படியும்.

கிள்ளான் ஹேட்ச்:

நன்றி அண்ணன்மாரே. எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கம்ப்ரஷன் 1,050, 1,040, 1,055, 1,020. லீக்-டவுன் 6, 7, 6, 9 சதவீதம். சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை. ஸ்மோக் டெஸ்டில் பிசிவி டி-துண்டு கீறியிருந்தது தெரிந்தது. பித்தளைத் துண்டு குழாய்க்குள்ளேயே இருந்தது! இன்டர்கூலரில் படலம் மட்டும்தான். அடுத்து என்ன? ஸ்டாக் பைபாஸ் வால்வை (த்ராட்டிலை விடும்போது மிஞ்சும் காற்றை இன்டேக்குக்கே திருப்புவது) எடுத்துவிட்டு வெளியே ஊதும் வகையும் போடலாம் என்றிருந்தேன்.

பாக்ஸர் பட்டறை:

இன்ஜின் நன்றாக இருக்கிறது, நிம்மதி. டி-துண்டு புதிது, ஸ்டாக் ஏர்பாக்ஸ், ஸ்டாக் சொலினாய்டு, எம்ஏஎஃப்-ஐ அதற்கான கிளீனரால் மட்டும் கழுவுங்கள், கம்பியைத் தொடாமல். அதே டவுன்பைப் மேப்பைத் திரும்ப ஏற்றி ஈசியூவை ரீசெட் செய்யுங்கள். இரண்டு டேங்க் சாதாரணமாக ஓட்டி லேர்னிங் படியட்டும். ஏ, டி இரண்டும் ±5-க்குள் வந்து, டிஏஎம் 1.0-லேயே நின்றால் அதன் பிறகு ஒரு இழுப்பு லாக். அதுவரை ஐந்தாவது, ஆறாவது கியரில் 3,000-க்குக் கீழே அழுத்தி மிதிக்கவே வேண்டாம். இந்தப் பிஸ்டன்களை உடைப்பது பெரும்பாலும் அந்தப் பழக்கம்தான்.

வெளியே ஊதும் வால்வு இந்த வண்டிக்குப் பொருந்தாது. எம்ஏஎஃப் அளந்து முடித்த காற்றை வெளியே விட்டால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஈசியூ இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றும். ஒரு கணம் ரிச், படபடவென்று வெடிப்பு, ஐடிலில் தடுமாற்றம். ஸ்டாக் பைபாஸே இந்த பூஸ்ட்டுக்குத் தாங்கும்.

லாக் பார்ப்பவர்:

ஆயில் குறைவை இன்னும் 2,000 கிமீ அளந்து பாருங்கள். 5டபிள்யூ-40-க்கும் புதிய டி-துண்டுக்கும் பிறகு அது பாதியாகக் குறையாவிட்டால் டர்போ சீலைப் பாருங்கள், டவுன்பைப் வாயில் ஈரமான கரி இருக்கும். கோல்ட் ஏர் இன்டேக்கையும் மூன்று போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். கஸ்டம் ட்யூனுக்குப் போகும் நாளில் இரண்டையும் மாட்டிக்கொண்டே போங்கள். எம்ஏஎஃப் ஸ்கேலிங்கையும் டியூட்டி டேபிளையும் ட்யூனர் அந்த உதிரிகளுக்கே எழுதட்டும். அப்போது ஸ்டாக் இன்ஜெக்டர் டியூட்டி 90 சதவீதத்தைத் தொடுகிறதா என்று கேளுங்கள், தொட்டால் இன்ஜெக்டரும் பம்பும் மாறாமல் பூஸ்ட்டை ஏற்ற விடாதீர்கள்.

ஈப்போ டர்போ:

கியர்பாக்ஸ் ஆயிலும் 118,000-ல் பழையதாக இருந்தால் கூடவே மாற்றிவிடுங்கள்: 75டபிள்யூ-90 ஜிஎல்-5, 4.1 லிட்டர், முன் டிஃபரென்ஷியலும் அதிலேயே சேர்ந்தது. பின் டிஃபரென்ஷியல் தனி, 1 லிட்டர். இரண்டிலும் நிரப்பும் போல்ட்டை முதலில் தளர்த்திப் பாருங்கள், அது கழன்ற பிறகே வடிக்கும் போல்ட்டைத் திறங்கள்.