கலைச்சொல் வேண்டும்: பின்வரிசை மாற்றி ஆடும் சதுரங்கத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

தொடக்க மடல் – மொழிபெயர்ப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சதுரங்கக் கழகத்தில் வாரம் ஒரு மாலை, பின்வரிசைக் காய்களை மாற்றி அடுக்கி ஆடுகிறோம். அடுத்த மாதம் அதிலேயே ஒரு சிறு போட்டியும் நடக்கப்போகிறது. விதித்தாளைத் தமிழில் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். விதிகளை எழுதி முடித்துவிட்டேன். தலைப்பு மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: காலாட்கள் வழக்கமான இடத்தில்தான் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் எட்டுக் காய்களின் வரிசை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக அமையும். நிபந்தனைகள் இரண்டு. மந்திரிகள் இருவரும் வெவ்வேறு நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும். ராஜா இரண்டு யானைகளுக்கும் இடையில் எங்காவது நிற்க வேண்டும். கறுப்புக்கும் அதே வரிசை, நேர் எதிரே. இப்படி அடுக்கினால் 960 வரிசைகள் கிடைக்கும். முன்னாள் உலகச் சதுரங்கச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1996 ஜூன் 19 அன்று பியூனஸ் அயர்ஸில் இதை அறிவித்தார். தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்பது ஆட்டத்தைக் கெடுக்கிறது என்பது அவருடைய மனக்குறை.

அதன்பின் இதற்கு ஏறிய பெயர்கள் பல. ஃபிஷர் ரேண்டம், செஸ்960, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போட்டிகளில் செஸ் 9எல்எக்ஸ் (எல்எக்ஸ் என்பது ரோம எண்ணில் 60), 2024 முதல் ஃப்ரீஸ்டைல். தமிழில் 'ரேண்டம் செஸ்' என்றே போட்டுவிடுங்கள் என்கிறார் கழகத்தில் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

மறுமொழி – புள்ளியியல் ஆசிரியை

சமவாய்ப்புச் சதுரங்கம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'சமவாய்ப்பு மாறி' என்று படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். 960 வரிசைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருக்கிறது. அதைச் சொல் அப்படியே சொல்கிறது. முதல் மந்திரிக்கு 4 கட்டம், இரண்டாம் மந்திரிக்கு 4, ராணிக்கு மிஞ்சிய 6, இரண்டு குதிரைகளுக்கு மிஞ்சிய ஐந்தில் 10 விதம். கடைசி மூன்று கட்டங்களில் யானை, ராஜா, யானை தவிர வேறு வழியில்லை. 4×4×6×10. கணக்கு தெளிவாக இருக்கும்போது பெயரும் தெளிவாக இருக்கட்டும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா சொன்னது கணக்குக்குச் சரி. ஆனால் 'சமவாய்ப்பு' என்றதும் சமூகநீதிப் பேச்சு நினைவுக்கு வருகிறது. இருவருக்கும் சமமான வாய்ப்பு என்றால் அது வழக்கமான சதுரங்கத்துக்கும்தானே பொருந்தும்?

இலங்கைப் பாடநூல்களில் 'ரேண்டம்' என்பதற்கு 'எழுமாறு' என்று ஒரு சொல் உண்டு. எழும் + ஆறு. ஆறு என்றால் வழி. எழுகின்ற வழியில், யாரும் திட்டமிடாமல், தானாக எழுந்தபடி என்று பொருள் விரிகிறது. 'செய்யுமாறு', 'வருமாறு' என்று நாம் தினமும் எழுதுகிறோமே, அதே குடும்பம். எழுமாற்றுச் சதுரங்கம் எனலாம்.

இன்னும் ஆழமாகப் போனால் 'ஊழ்' இருக்கிறது. ஊழ் என்றால் விதி என்று மட்டும் நினைக்கிறோம். அதற்கு முறை, வரிசை என்றும் பொருள் உண்டு. மலர்தல், விரிதல் என்றும் உண்டு: 'இணர்ஊழ்த்தும் நாறா மலரனையர்' என்கிறது குறள். பாருங்கள், வரிசை, விதி, மலர்ச்சி மூன்றும் ஒரே சொல்லில்! காய்களின் வரிசை விதியால் மலர்கிறது. 'ஊழ்வரிசை' என்பதைவிட இந்த ஆட்டத்துக்குப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன். முறை என்பதே முதற்பொருளாக இருந்து அதிலிருந்து விதி என்ற பொருள் கிளைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. உலகம் முறைப்படி நடக்கிறது, அந்த முறையே ஊழ். இதை விரித்துத் தனி மடலாக எழுதுகிறேன்.

மறுமொழி – கழக நடுவர்

ஐயா, ஊழ் பற்றிய விளக்கம் அருமை. ஆனால் போட்டிக் கூடத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் வந்தவர்கள் இது அதிர்ஷ்ட ஆட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். என் கவலை முழுக்க அதுதான்.

இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டம் இருப்பது ஒரே ஒரு கணம், கடிகாரத்தை அமுக்குவதற்கு முன்னால். அதுவும் இருவருக்கும் பொது. அதற்குப் பின் எல்லாம் மூளைதான். 2019இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இந்த ஆட்டத்துக்கு நடத்திய முதல் உலகப் போட்டியின் இறுதியில் வெஸ்லி சோ, அப்போது வழக்கமான சதுரங்கத்தின் உலகச் சாம்பியனாக இருந்த கார்ல்சனை 13.5 – 2.5 என்று வென்றார். அதை யாராவது ஊழ் என்பார்களா?

நாங்கள் ஒரே ஒரு பகடையை உருட்டித்தான் வரிசையை முடிவு செய்கிறோம். மந்திரிக்கு உருட்டும்போது 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுவோம். ராணிக்கு ஆறும் செல்லும். எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். விழுந்ததும் கூடத்தில் ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தத்துக்காகவே நான் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்துவதில்லை. அப்புறம் எல்லாப் பலகைகளிலும் ஒரே வரிசையை அடுக்க வேண்டும். புதியவர்கள் இங்கேதான் தவறுவார்கள். தன் இடப்பக்கத்திலிருந்து வெள்ளை அடுக்கியதைக் கறுப்பும் தன் இடப்பக்கத்திலிருந்தே அடுக்கிவிடுவார். ராணிக்கு எதிரே ராணி நிற்காது. நான் பலகை பலகையாகப் போய்த் திருத்துவேன்.

அதனால் நடுவர் என்ற முறையில் ஒரே ஒரு வேண்டுகோள்: கூடத்தின் கடைசி மேசைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லக்கூடிய பெயராக இருக்க வேண்டும். 'எழுமாற்றுச்' என்று தொடங்கினால் பாதிப் பேர் 'ஏமாற்று' என்று கேட்பார்கள். போட்டிக்கு அந்தப் பெயர் ஆகாது.

மறுமொழி – தனித்தமிழ் அன்பர்

முன்பாதியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பின்பாதியில் நிற்கும் 'சதுரங்கம்' வடசொல் என்பதை யாரும் கவனிக்கவில்லையா? நான்கு உறுப்புகள் கொண்ட படை என்பதுதான் அதன் பொருள். தேர், யானை, குதிரை, காலாள். நம்மிடம் 'நாற்படை' இருக்கும்போது கடன் எதற்கு? நாற்படையாட்டு என்று தொடங்குவோம். அதற்கு முன்னால் எதைச் சேர்த்தாலும் எனக்குச் சம்மதம்.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் விதித்தாளைப் படிக்கப்போகும் பத்து வயதுக் குழந்தைக்குச் சதுரங்கம் தெரியும், நாற்படையாட்டு தெரியாது. ஒரே தலைப்பில் இரண்டு புதுச்சொற்களைத் தாங்க முடியாது. 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று நன்னூலே இடம் தந்திருக்கிறது. 'சதுரங்கம்' என்பதைப் பலர் சதுரம் + அங்கம் என்று பிரித்து, கட்டம் போட்ட பலகை என்றே புரிந்துகொள்கிறார்கள். அந்த அளவுக்கு அது நம் சொல்லாகிவிட்டது.

மறுமொழி – தனித்தமிழ் அன்பர்

தவறான பிரிப்பால் ஒரு சொல் நம்முடையதாகிவிடாது. பலகையைச் சொல்ல வேண்டுமானால் 'அரங்கு' இருக்கிறது. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று வள்ளுவர் சொன்னது கட்டம் கீறிய ஆடுகளத்தைத்தான். நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவதற்கு, அரங்கு இல்லாமல் ஆடுவதை உவமையாக்கினார். ஈராயிரம் ஆண்டுச் சொல்லை விட்டுவிட்டு இரவல் வாங்குகிறோம். வருத்தத்தைப் பதிவு செய்கிறேன், தடுக்கவில்லை.

மறுமொழி – நிரல் எழுதும் இளைஞர்

வணக்கம். நான் இலக்கணம் அதிகம் அறியாதவன். சீட்டாடும்போது 'கலைத்துப் போடு' என்கிறோம், பரிசுச் சீட்டைக் 'குலுக்கி எடு' என்கிறோம். கலை சதுரங்கம் என்றால் ஓவியப் போட்டி என்று நினைப்பார்கள், அது வேண்டாம். குலுக்கு சதுரங்கம் எப்படி? ஒரு தடவை கேட்டால் போதும், விளக்கமே தேவையில்லை.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, நல்ல சொல். ஆனால் வல்லினம் மிகுமா மிகாதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். குலுக்கு என்பதைப் பெயராகக் கொண்டால் வன்தொடர்க் குற்றியலுகரம், 'குலுக்குச் சதுரங்கம்'. வினையடியாகக் கொண்டால் வினைத்தொகை, அங்கே மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல. நீங்கள் ஒற்று இல்லாமல் எழுதியது உங்கள் காது சொன்ன இலக்கணம். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குடவோலையையும் மறந்துவிட வேண்டாம். 'கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார்' என்று அகநானூறு 77ஆம் பாட்டில் வருகிறது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்த மரபு. குலுக்கி எடுப்பதற்கு நம்மிடம் அவ்வளவு பழைய வேர் இருக்கிறது.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

நேற்று இரவு 'செஸ்960' என்ற பெயர் வந்த கதையைப் படித்தேன். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இந்த ஆட்டப் போட்டிகளை நடத்திய ஹான்ஸ்-வால்டர் ஷ்மிட் பெயர் தேடியபோது மூன்று நிபந்தனை வைத்தாராம். எந்த ஆட்டக்காரரின் பெயரும் அதில் இருக்கக் கூடாது. ரேண்டம், ஃப்ரீஸ்டைல் மாதிரி எதிர்மறையான, பிடிமானமில்லாத சொற்கள் கூடாது. எங்கும் புரிய வேண்டும். அதனால்தான் எண்ணைப் பிடித்தார்.

இதைப் படித்ததும் நம் சிக்கல் எங்கே என்று எனக்குத் தெரிந்தது. சமவாய்ப்பு, எழுமாறு, ஊழ், குலுக்கு எல்லாமே வரிசை *எப்படி வந்தது* என்பதைச் சொல்கின்றன. வந்து நிற்பது *என்ன* என்பதை ஒன்றும் சொல்லவில்லை. பலகையின் முன் உட்காருபவர் காண்பது குலுக்கலை அல்ல, மாறி நிற்கும் வரிசையை. ராஜா மூலைக்கு அருகில், ராணி விளிம்பில், இரண்டு குதிரைகள் பக்கத்துப் பக்கத்தில். மனப்பாடம் செய்தது எதுவும் உதவாத முதல் நகர்த்தல். அந்தத் திகைப்புதான் இந்த மாலைகளுக்கு எங்களை வரவழைக்கிறது.

எனவே என் முன்மொழிவு: மாறுவரிசைச் சதுரங்கம்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மாறுவரிசை! இதை நான் ஏன் யோசிக்கவில்லை? வினைத்தொகை முக்காலமும் கொள்ளும் என்று வகுப்பில் எத்தனை ஆண்டு சொல்லியிருப்பேன். மாறிய வரிசை, மாறுகின்ற வரிசை, மாறும் வரிசை. சென்ற வாரம் மாறியது, இன்று மாறுகிறது, அடுத்த வாரமும் மாறும். ஊழ்வரிசையை நான் திரும்பப் பெறவில்லை, ஆனால் இதற்கு வாக்களிக்கிறேன்.

மறுமொழி – புள்ளியியல் ஆசிரியை

ஒரு சந்தேகம். வழக்கமான வரிசையும் அந்த 960இல் ஒன்றுதானே? 0 முதல் 959 வரை எண்ணிடும் முறையில் அது 518. பகடை அப்படி விழுந்தால் அன்று எதுவுமே மாறவில்லை. மாறாத வரிசைக்கு மாறுவரிசை என்று பெயரா? சமவாய்ப்பு என்றால் 518க்கும் பொருந்தும்.

இன்னொன்று: 'மாறுவரிசை' என்றால் ஆட்டத்தின் நடுவில் வரிசை மாறும் என்று யாராவது புரிந்துகொள்ள மாட்டார்களா?

மறுமொழி – கழக நடுவர்

518 விழுந்தால் அந்தச் சுற்றுக்கு மறுபடி உருட்டலாமா என்று கழகத்தில் கேட்டிருக்கிறார்கள். நான் விடவில்லை. மாறாமல் இருப்பதும் மாறுவதில் ஒரு வகைதான். அம்மாவின் இரண்டாவது கேள்வி நியாயமானது, விதித்தாளின் முதல் வரியிலேயே தெளிவுபடுத்திவிடலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி 'கோட்டை கட்டுதல்', அதாவது ராஜாவையும் ஒரு யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் பெயர்ப்பது. வெள்ளை ராஜா எங்கிருந்து கிளம்பினாலும் ஜி1 அல்லது சி1 கட்டத்தில்தான் போய் நிற்பார். யானை எஃப்1 அல்லது டி1இல். சில வேளை ராஜா ஏற்கெனவே ஜி1இல் இருப்பார், யானை மட்டும் நகரும். சில வேளை இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். முதலில் ராஜாவை எடுத்துப் பலகைக்கு வெளியே, போய்ச் சேர வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, யானையை நகர்த்தி, பிறகு ராஜாவைக் கட்டத்தில் வைக்கச் சொல்கிறது ஃபிடே வழிகாட்டல். அதையும், 'கோட்டை கட்டுகிறேன்' என்று வாயால் சொல்லிவிட்டுச் செய்யவும் விதித்தாளில் எழுதுங்கள். பாதிச் சண்டை குறையும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

எண்ணைத் தலைப்பில் சேர்ப்பதாக இருந்தால் எழுத்தால் எழுதுங்கள்: தொள்ளாயிரத்து அறுபது. ஒன்பதுக்கும் நூறுக்கும் உள்ள உறவு இந்தச் சொல்லில் மறைந்து கிடக்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்று பெயர், பரிபாடலில் இருக்கிறது. அதிலிருந்துதான் தொண்ணூறும் தொள்ளாயிரமும் வந்தன என்பது என் துணிபு. நன்னூலார் ஒன்பதிலிருந்தே விதி வகுத்துக் காட்டுகிறார். இதில் நன்னூலாரோடு எனக்கு நாற்பது ஆண்டுக் கருத்து வேறுபாடு.

மறுமொழி – நிரல் எழுதும் இளைஞர்

ஐயா, தொண்டு பற்றித் தனி இழை தொடங்குங்கள், ஆசையாகப் படிப்பேன். தலைப்பில் இலக்கமாகவே இருக்கட்டும். தேடுபவர்கள் 960 என்றுதான் தட்டுவார்கள்.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். இதுவரை வந்த வாக்குகள்: மாறுவரிசைக்கு நான்கு (தனித்தமிழ் அன்பர் முன்பாதிக்கு மட்டும் சம்மதம் என்று தனிமடலில் எழுதினார், அதைச் சேர்த்து), குலுக்குக்கு ஒன்று, சமவாய்ப்புக்கு ஒன்று. 'மாறுவரிசைச் சதுரங்கம் 960' என்று அனுப்பிவிட்டேன். முதல் வரி: 'ஆட்டம் தொடங்கும் முன் பின்வரிசை ஒருமுறை மட்டும் குலுக்கி அமைக்கப்படும்.' குலுக்கும் உள்ளே வந்துவிட்டது. கோட்டை கட்டும் விதியை நடுவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நேரம் ஒதுக்கிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மறுமொழி – கழக நடுவர்

நேற்று மாலை புதுப்பெயரைச் சொல்லி அறிவித்தேன். கடைசி மேசை வரை கேட்டது. ஆனால் ஆட்டம் முடிந்து கிளம்பும்போது பிள்ளைகள் 'அடுத்த குலுக்கு எப்போ?' என்றுதான் கேட்டார்கள். தம்பிக்குத் தெரிவித்துவிடுகிறேன்.

மறுமொழி – தனித்தமிழ் அன்பர்

தாளைப் பார்த்தேன். 'சதுரங்கம்' வடசொல். வடசொல் வருமொழியானால் வல்லினம் மிகத் தேவையில்லை என்பது என் நிலை. 'மாறுவரிசை சதுரங்கம்' என்றே இருந்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பிலாவது அந்த 'ச்'சை எடுத்துவிடுங்கள்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கூடாது. தமிழில் வந்து புழங்கும் சொல் தமிழ்ப் புணர்ச்சிக்குக் கட்டுப்படும். விரிவாக நாளை எழுதுகிறேன்.