புதுப்பிப்பு: படகின் லித்தியம் பேட்டரி, சார்ஜ் பாதியில் நின்ற காரணம்

280 ஆம்பியர்-அவர் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் நான்கைத் தொடரில் கோத்த 12.8 வோல்ட் பேட்டரித் தொகுப்பில், செல்களைக் கண்காணித்துப் பாதுகாக்கும் பிஎம்எஸ் ஏன் சார்ஜைப் பாதியில் துண்டிக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: மூன்றாவது செல் 3.65 வோல்ட்டைத் தொடும்போது மற்றவை 3.4-இல்தான் நிற்கின்றன; ஒரு செல் உச்ச வரம்பைத் தொட்டதுமே பிஎம்எஸ் துண்டித்துவிடுகிறது. செல்களின் சார்ஜ் அளவைச் சமன் செய்யாமல் கோத்ததுதான் தவறு.

நான்கையும் பிரித்து, பக்க இணைப்பில் சேர்த்து, 3.65 வோல்ட்டில் மின்னோட்டம் சில ஆம்பியராகக் குறையும்வரை ஏற்றியதும் சரியானது. பவர் சப்ளையின் வோல்ட்டேஜை இணைப்பதற்கு முன்பே அமைத்துவிடுங்கள், இது மிக முக்கியம். செல்களை இணைக்கும் உலோகப் பட்டைகளான பஸ்பார்களையும் தேய்த்துச் சுத்தம் செய்தாயிற்று. மொத்த பேட்டரிக்கான சார்ஜ் வரம்பு இப்போது 14.2 வோல்ட்.

இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை லித்தியத்தோடு நேரடியாக இணைக்கவே வேண்டாம். பிஎம்எஸ் திடீரெனத் துண்டித்தால் எழும் மின்னழுத்த எகிறலில் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கருகிவிடும். அதன் மின்சாரம் இன்ஜினின் ஈய-அமில பேட்டரிக்கே போகட்டும். அங்கிருந்து டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றை ஏற்றும் கருவி) வழியாக லித்தியத்துக்கு வரட்டும்.