கியூஎமுவில் எழுதிய சாதனம் தன்னையே அழைத்து விழுகிறது: 8.1 பதிப்பிலும் ஏன்?

கொழிஞ்சாம்பாறை மாணவர் (கேள்வி)

வணக்கம். ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டில் எம்டெக் படிக்கிறேன். ஜூனியர்களுக்கு டிரைவர் எழுதச் சொல்லித்தர கியூஎமுவில் (ஒரு கணினியை மென்பொருளாலேயே போலச் செய்து காட்டும் நிரல்) ஒரு சின்ன பிசிஐ சாதனம் (கணினியில் செருகும் கார்டு போன்றது) எழுதி வருகிறேன். வகுப்பில் ஆங்கிலமும் மலையாளமும்தான் ஓடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தமிழில் சொன்னால்தான் சந்தேகம் கேட்கவே வாயைத் திறக்கிறார்கள். அதனால் இது சரியாக அமைய வேண்டும் என்று ரொம்ப ஆசை.

ரெஜிஸ்டர் (டிரைவர் படித்து எழுதும், சாதனத்தின் சின்ன நினைவிடம்) அமைப்பை கியூஎமுவோடு வரும் 'எடு' என்ற பயிற்சிச் சாதனத்திலிருந்து எடுத்தேன். டிஎம்ஏவுக்கு (சாதனம் தானே நினைவகத்தில் படித்து எழுதுவது) ஹெக்ஸ் 80-இல் எங்கிருந்து, 88-இல் எங்கே, 90-இல் எவ்வளவு, 98-இல் கட்டளை. 98-இல் எழுதியதும் ரைட் ஹேண்ட்லருக்குள்ளேயே (ரெஜிஸ்டரில் எழுதினால் கியூஎமு அழைக்கும் என் ஃபங்ஷன்) பிசிஐ_டிஎம்ஏ_ரைட் கூப்பிடுகிறேன். சாதாரண முகவரிகளுக்கு ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் பஸ் மாஸ்டர் பிட்டை (சாதனத்துக்கு டிஎம்ஏ அனுமதி) இயக்கி, அதே சாதனத்தின் பார்0 முகவரியோடு (அதன் ரெஜிஸ்டர்கள் தொடங்கும் இடம்) 98-ஐக் கூட்டிச் சேருமிடமாகக் கொடுத்து, பஃபரில் 3 (டிஎம்ஏவைத் தொடங்கும் கட்டளை) என்று வைத்தால், கெஸ்ட் (கியூஎமுவுக்குள் ஓடும் கணினி) மட்டுமல்ல, கியூஎமுவே செக்மென்டேஷன் ஃபால்ட்டில் போய்விடுகிறது. ஜிடிபி டீபக்கரில் பேக்டிரேஸ் (எது எதை அழைத்தது என்ற வரிசை) இழுக்க இழுக்க வருகிறது: என் ஹேண்ட்லர், பிசிஐ_டிஎம்ஏ_ரைட், அட்ரஸ்_ஸ்பேஸ்_ரைட், மெமரி_ரீஜன்_டிஸ்பேட்ச்_ரைட், மறுபடி என் ஹேண்ட்லர்.

சுற்றுவது ஏன் என்று புரிகிறது. புரியாதது வேறு. கியூஎமு 6.2-இல் ஆரம்பித்தேன். 8.1-இல் இதற்கென்றே தடுப்பு வந்துவிட்டது என்று படித்து அதிலும் கம்பைல் செய்தேன். அங்கேயும் அப்படியே விழுகிறது. என் ரெஜிஸ்டர்கள் இருக்கும் நினைவகப் பகுதியை (ரீஜன்) அமைக்கும் இனிட் வரி இது:

மெமரி_ரீஜன்_இனிட்_ஐஓ(&எஸ்->எம்எம்ஐஓ, நல், &ஆப்ஸ், எஸ், "பாடம்-எம்எம்ஐஓ", 1 * எம்ஐபி);

வேலந்தாவளம் (பதில்)

அவசரத்துக்கு ஹேண்ட்லர் தலையில் எத்தனை முறை உள்ளே திரும்பி வந்தது என்று ஒரு ஆழக் கணக்கு வையுங்கள். 16-ஐத் தாண்டினால் ரிட்டர்ன். ஸ்டாக் (அழைப்புகள் அடுக்கப்படும் நினைவகம்) தப்பிக்கும்.

களியக்காவிளை (பதில்)

தம்பி, அந்த இரண்டாவது ஆர்க்யுமென்ட்தான் விஷயம். அங்கே வரவேண்டியது ரீஜனின் உரிமையாளர். 8.1-இல் வந்த தடுப்பு ஒவ்வொரு டிவைஸ்ஸ்டேட்டிலும் (சாதனத்தின் நிலையை வைத்திருக்கும் அமைப்பு) 'என்கேஜ்ட்_இன்_ஐஓ' என்று ஒரு கொடி வைத்திருக்கிறது. எம்எம்ஐஓ (நினைவக முகவரி வழியே ரெஜிஸ்டரை அணுகுவது) ஹேண்ட்லருக்குள் நுழையும்போது கொடி ஏறும், வெளியே வரும்போது இறங்கும். ஏறியிருக்கும்போது அதே சாதனத்துக்கு இன்னொரு அணுகல் வந்தால் உள்ளே விடாது. ரீஜன் எந்தச் சாதனத்துடையது என்பதை உரிமையாளரை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நீங்கள் நல் (வெறுமை) கொடுத்தால் சாதனமே இல்லை, பார்க்கக் கொடியும் இல்லை. அங்கே ஆப்ஜெக்ட்(எஸ்), அதாவது உங்கள் சாதனத்தையே, போடுங்கள்.

ஆழக் கணக்கு வேண்டாம். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே காரணம் சொல்கிறேன், ஏனென்றால் ஜூனியர்கள் இதையே பார்த்து எழுதுவார்கள். ஸ்டாக் நிரம்புவது கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு மட்டும்தான். ஒரே ஒரு முறை உள்ளே திரும்பி வந்தாலும் போதும், வெளியே இருக்கும் ஹேண்ட்லர் பாதி வேலையில் நிற்கிறது. நீளத்தைச் சோதித்துவிட்டு டிஎம்ஏவைத் தொடங்குகிறீர்கள். அந்த டிஎம்ஏ 90-ஐ மாற்றி எழுதிவிடுகிறது. திரும்பி வந்து எஸ்->நீளம் என்று மறுபடி படித்தால் நீங்கள் சோதித்த எண் அங்கே இல்லை. ரீசெட் ரெஜிஸ்டர் இருந்து, அது பஃபரை ஃப்ரீ செய்வதாக இருந்தால் இன்னும் மோசம். என்விஎம்இ (எஸ்எஸ்டி டிஸ்க்) எமுலேஷனில் வந்த பாதுகாப்புக் குறை சிவிஇ-2021-3929 இந்த வகைதான். எல்எஸ்ஐ 53சி895ஏ ஸ்கஸி கன்ட்ரோலரில் சிவிஇ-2023-0330-ம் இதே குடும்பம். இங்கே அணுகுவது நம்பமுடியாத கெஸ்ட், அடிபடுவது ஹோஸ்ட்டில் (கியூஎமு ஓடும் நிஜக் கணினி) ஓடும் புராசஸ்.

நிஜ ஹார்டுவேரில் இந்தச் சிக்கல் இந்த வடிவில் வராது. பிசிஐயில் மெமரி ரைட் என்பது தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவது போல. போட்டவர் பதிலுக்கு நிற்பதில்லை. நாம்தான் அதை ஒரு ஃபங்ஷன் அழைப்பாக மாற்றி, எழுதியவரை அங்கேயே நிறுத்திவைக்கிறோம்.

'எடு' சாதனத்தின் கோடான எடு.சி-யைத் திரும்பப் பாருங்கள். அதில் டிஎம்ஏ ஹேண்ட்லருக்குள் நடப்பதில்லை, 100 மில்லிசெகண்ட் டைமருக்குப் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது டிஎம்ஏ ரெஜிஸ்டர்களை மாற்றவும் விடாது. அந்த இரண்டும் சும்மா வைத்தவை அல்ல.

கொழிஞ்சாம்பாறை மாணவர்

அண்ணா, ஆப்ஜெக்ட்(எஸ்) போட்டதும் நின்றுவிட்டது! ரீஎன்ட்ரன்ட் ஐஓவை (உள்ளே திரும்பி வரும் அணுகல்) தடுத்ததாக எச்சரிக்கை வந்தது, ரீஜன் பெயரும் 98-ம் போட்டு. ஆனால் மறுபடி முயன்றால் எச்சரிக்கை வரவில்லை. தடுப்பு இன்னும் இருக்கிறதா? அப்புறம், டிஎம்ஏவை பாட்டம் ஹாஃபுக்கு (ஹேண்ட்லர் முடிந்த பிறகு கியூஎமு ஓட்டும் வேலை) தள்ளினால் போதுமா?

களியக்காவிளை

இருக்கிறது. அந்தச் செய்தி ஒருமுறைதான் அச்சாகும், அவ்வளவே. எச்சரிக்கையை நம்பாமல் பிசிஐ_டிஎம்ஏ_ரைட் திருப்பித்தரும் மதிப்பைப் பாருங்கள். தடுத்தால் மெம்டிஎக்ஸ்_ஆக்சஸ்_எரர் வரும். அதை வைத்து ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஒரு பிழை பிட் ஏற்றினால் டிரைவர் எழுதுபவருக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

பாட்டம் ஹாஃப் நல்ல யோசனை, ஆனால் அதை உருவாக்க வெறும் கியூஎமு_பிஎச்_நியூ போட்டால் ஸ்டாக் மட்டும் தப்பிக்கும். அது ஓடும்போது 98-இல் எழுதும், அது மறுபடி பாட்டம் ஹாஃபை வரிசையில் போடும், முடிவில்லாமல் சுற்றும். கியூஎமு_பிஎச்_நியூ_கார்டட் என்று ஒன்று இருக்கிறது. கடைசி ஆர்க்யுமென்டாகச் சாதனத்தின் மெம்_ரீஎன்ட்ரன்சி_கார்டைக் கொடுங்கள். பாட்டம் ஹாஃப் ஓடும் நேரத்திலும் கொடி ஏறியிருக்கும். 98-இல் எழுதியவுடன் 80, 88, 90 மூன்றையும் தனியே நகல் எடுத்து, பிஸி பிட்டை ஏற்றி, பிறகு ஷெட்யூல் செய்யுங்கள். பாட்டம் ஹாஃப் அந்த நகலை மட்டும் படிக்கட்டும். சாதனத்தை நீக்கும்போது ஓடும் அன்ரியலைஸில் அந்தப் பாட்டம் ஹாஃபை டெலீட் செய்ய வேண்டும்.

டிஸேபிள்_ரீஎன்ட்ரன்சி_கார்ட் என்ற கொடியும் கண்ணில் படும். எல்எஸ்ஐயின் ஸ்கிரிப்ட் ரேம் போல, தன் பகுதியைத் தானே படித்தே ஆகவேண்டிய சாதனங்களுக்கானது அது. உங்களுக்கு வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை மாணவர்

செய்துவிட்டேன் அண்ணா. பழைய கோடில் விழுந்த அதே முகவரி இப்போது பிழை பிட்டை மட்டும் ஏற்றிவிட்டு நிற்கிறது, கெஸ்ட் தொடர்ந்து ஓடுகிறது. இதையே கெஸ்ட் ஓஎஸ் இல்லாமல் ஓடும் க்யூடெஸ்டாக (கியூஎமுவின் சாதனச் சோதனை முறை) எழுதி ரெப்போவில் சேர்க்கப்போகிறேன். நல் வரி எழுதிய பழைய கமிட்டை அழிக்கவில்லை. ஜூனியர்கள் முதலில் அதில் அந்த டெஸ்டை ஓட்டி ஜிடிபியில் பார்க்கட்டும், பிறகு திருத்தியதைக் காட்டுகிறேன்.