மீன் சேராத மிசோ சூப்பில் சுவை இறங்கவில்லை: உதவி தேவை

சான் ஹோசே ஜப்பான்டவுனில் எங்கள் வீட்டருகே உணவகமும் மளிகையும் ஒன்றாக உள்ள கடை இருக்கிறது. அம்மா சைவம். அங்கே மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலின் சாறு சேர்வதால் அவரால் குடிக்க முடியாது. அவருக்காக அதே கடையில் ஹிதாகா கொம்பு கடற்பாசியும், மீன்சாறு கலக்காத வெள்ளை மிசோவும் வாங்கி வீட்டில் முயன்றுவருகிறேன். (லேபிளைப் படித்தே வாங்குங்கள், பல மிசோக்களில் மீன்சாறு கலந்தே வருகிறது.)

லிட்டருக்கு 10 கிராம் கொம்பை இரவு முழுதும் ஊறவைத்தேன். 60 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தும் பார்த்தேன். உலர்ந்த ஷிடாக்கே சேர்த்தால் காளான் வாசமே மேலோங்குகிறது. மிசோவை அடுப்பை அணைத்த பிறகே கரைக்கிறேன். கசப்போ வழவழப்போ இல்லை. ஆனால் சூப் வெறும் உப்புத் தண்ணீராக நிற்கிறது. எங்கள் குழாய்நீர் கடினநீர்.

நான் முதலில் மாற்ற வேண்டியது கொம்பையா (ரிஷிரி, ராவுசு வகைகள் அங்கே கிடைக்கின்றன), தண்ணீரையா?