அட்டிக்கில் படுத்த ஃபர்னஸ்: ரீகாலில் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

நீலாம்பல்:
வணக்கம். வீடு கலிபோர்னியாவில், 1980-களின் கடைசியில் கட்டியது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் அட்டிக்கில், அதாவது கூரைக்கடியில் உள்ள பரணில், படுக்கைவசமாக வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுச் சோதனை அறிக்கையில், "இந்த வகை ஃபர்னஸ் குறித்துப் பாதுகாப்பு எச்சரிக்கை உண்டு, நிபுணரிடம் காட்டவும்" என்று ஒரே ஒரு வரி. ஃபர்னஸ் கதவில் ஒட்டியுள்ள பிராண்ட் பெயரைப் போட்டுத் தேடினால் ரீகால் (குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு) எதுவும் வரவில்லை. அப்படியானால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? தயாரித்த கம்பெனியே மூடிப்போயிருந்தால் யாரிடம் கேட்பது? கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறது. அதை நம்பி இந்தக் குளிர்காலத்தை ஓட்டிவிடலாமா?

சுடர்க்கோல்:
கதவில் இருக்கும் பெயர் எதையும் நிரூபிக்காது. கலிபோர்னியாவில் அந்தக் காலத்து அட்டிக் ஃபர்னஸ் என்றதுமே பார்க்க வேண்டியது கன்சாலிடேட்டட் இண்டஸ்ட்ரீஸ் தயாரிப்பா என்பதைத்தான். இண்டியானா மாநிலத்து லஃபாயெட்டில் இருந்த இந்தக் கம்பெனி ஒரே பெட்டியைப் பல பிராண்ட் பெயர்களில் செய்து கொடுத்தது. 1983 முதல் 1994 வரை கலிபோர்னியாவுக்கென்று செய்த கிடைமட்ட ஃபர்னஸ்கள் தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளவை என்று, அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சி 2000-இல் எச்சரித்தது. ஏறத்தாழ 1,90,000 பெட்டிகள். அதற்குள் கம்பெனி திவாலாகிவிட்டது.

கோளாறு எங்கே என்றால், பர்னர்களுக்கு மேலே உள்ள எஃகுக் கம்பிகளில். கலிபோர்னியாவின் காற்றுத்தர விதிகள் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு வரம்பு வைத்தன. சுடரின் உச்ச வெப்பம் குறைந்தால் அந்த வாயுக்களும் குறையும். அதற்காகச் சுடருக்குள் கம்பியை நீட்டி வெப்பத்தை வாங்கச் செய்தார்கள். கம்பி சிவந்து, வாங்கிய வெப்பத்தைச் சுற்றிலும் உமிழும். பர்னரும், சுடரின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் உலோக அறையான ஹீட் எக்ஸ்சேஞ்சரும் வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் வெந்து விரிசல் விடும். நிமிர்ந்து நிற்கும் ஃபர்னஸ் பெரும்பாலும் கான்கிரீட் தரையில் இருக்கும். அட்டிக்கில் படுத்திருப்பதற்குக் கீழே இருப்பது பலகை. விரிசல் வழியாகச் சுடரோ சூடோ வெளியே வந்தால் முதலில் கருகுவது அந்தப் பலகைதான்.

பார்க்கும் முறை:

தெர்மோஸ்டாட்டை அணைத்து, ஃபர்னஸ் பக்கத்தில் உள்ள மின் சுவிட்சையும் அணையுங்கள். கேஸ் வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காக வரும்படி கால் சுற்று திருப்புங்கள். சூடு ஆறட்டும். உத்தரங்களின் மேல் மட்டும் கால் வையுங்கள். இடையில் இருப்பது ஜிப்சம் பலகை, ஆளைத் தாங்காது. பர்னர் பக்கத்துக் கதவைக் கழற்றினால் உள்ளே பெயர்த்தகடு இருக்கும். மாடல் எண், சீரியல் எண், தயாரிப்பாளர் பெயர் மூன்றும் தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். பிறகு டார்ச் அடித்து, ஒவ்வொரு பர்னருக்கும் மேலே நீளவாக்கில் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். பர்னர் வாயருகே விரிசல், கோணல், புகைக்கரி, பெட்டியின் பெயிண்ட் பொரிந்த இடம், அடிப்பலகையில் கருமை ஆகியவற்றையும் கவனியுங்கள். பலகை கருத்திருந்தால் திரும்பப் பற்றவைக்கவே வேண்டாம். திரும்பத் திரும்பச் சூடேறிக் கருகிய மரம், புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பிடிக்கும்.

சிபிஎஸ்சி தளத்தில் தேடும்போது பிராண்டோடு நிற்காமல் மாடல் எண்ணையும் தயாரிப்பாளர் பெயரையும் போட்டுத் தேடுங்கள். அறிவிப்பில் மாடல் எண்ணின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்திருப்பார்கள். உங்கள் முழு எண்ணைப் போட்டால் 'எதுவும் இல்லை' என்று வரலாம், அதனால் முதல் எழுத்துகளை மட்டும் போட்டும் பாருங்கள்.

காற்றுவெளி:
அலாரம் பற்றி மட்டும் சொல்கிறேன், அந்த நம்பிக்கை ஆபத்தானது. மேலே சொன்ன கோளாறில் முதல் ஆபத்து தீ. புகைபோக்கி சரியாக இழுத்துக்கொண்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வராமலேயே பலகை பற்றிக்கொள்ளலாம், படுக்கையறை அலாரம் வாயே திறக்காது.

வாயு வந்தாலும் அலாரம் உடனே கத்தாது. இந்த அலாரங்களுக்கான அமெரிக்கத் தரமான யுஎல் 2034-இன்படி, காற்றில் 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தால் 1 முதல் 4 மணி நேரத்துக்குள், 150 பிபிஎம்மில் 10 முதல் 50 நிமிடத்துக்குள், 400 பிபிஎம்மில் 4 முதல் 15 நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். 30 பிபிஎம் அளவு நாள் கணக்கில் நீடித்தாலும் ஒலிக்கக் கூடாது என்றே விதி. கைக்குழந்தை, கர்ப்பிணி, இதயநோயாளி இருக்கும் வீட்டுக்கு அந்த 30-ம் நல்லதல்ல. சென்சாருக்கு ஆயுளும் உண்டு, பின்புறம் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். அலாரம் கட்டாயம் இருக்கட்டும், ஆனால் கோளாறு உள்ள ஃபர்னஸை ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல அது.

நீலாம்பல்:
விவரமாகச் சொன்னதற்கு நன்றி. கதவைக் கழற்றிப் பார்த்தாயிற்று: தகட்டில் கன்சாலிடேட்டட் பெயர், ஆண்டு 1988, பர்னர்களுக்கு மேல் கம்பிகளும் இருக்கின்றன. பலகையில் கருமை தெரியவில்லை. கம்பிகளை மட்டும் உருவிவிட்டால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். சரியா?

சுடர்க்கோல்:
வேண்டாம். கம்பியை உருவினாலும், வெந்துபோன உலோகம் பழைய பலத்துக்குத் திரும்பாது. விரிசல் ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பல மடிப்புகள் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. சோதித்துச் சான்று பெற்றது கம்பியோடு கூடிய பெட்டி. உருவியபின் இருப்பது யாரும் சோதிக்காத வேறொரு பெட்டி. 1988 என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. மாற்றுவதுதான் வழி.

கேஸ் வால்வை மூடியபடியே விட்டுவிட்டு உங்கள் கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். பிஜி அண்ட் ஈ, சோகால்கேஸ் இரண்டுமே வாடிக்கையாளர் வீட்டுக் கேஸ் சாதனங்களைக் கட்டணமின்றிச் சோதித்துத் தருகின்றன. ஆபத்து என்று பட்டால் சிவப்புச் சீட்டு கட்டி அணைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், வீட்டை விற்றவரிடமோ காப்பீட்டிலோ பேசும்போது உதவும்.

கம்பெனி இல்லை என்பதால் எல்லாக் கதவும் அடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அபாயமான குறை தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் சிபிஎஸ்சியிடம் சொல்லும் கடமை தயாரித்தவருக்கு மட்டுமல்ல, விநியோகித்தவருக்கும் விற்றவருக்கும் உண்டு. அதனால் கதவில் ஒட்டியுள்ள பிராண்டுக்கு இன்று யார் சொந்தக்காரர் என்று தேடி, தகட்டின் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். சிபிஎஸ்சியின் புகார்த் தளமான சேஃபர்ப்ராடக்ட்ஸிலும் பதியுங்கள்.

புது ஃபர்னஸுக்கு உள்ளூர் அனுமதி எடுக்காமல் வேலை செய்பவரை உள்ளே விடாதீர்கள். கலிபோர்னியாவின் சவுத் கோஸ்ட், சான் வாக்கீன் காற்றுத்தரப் பகுதிகளில், ஃபர்னஸ் தரும் ஒரு ஜூல் வெப்பத்துக்கு 14 நானோகிராம் நைட்ரஜன் ஆக்சைடு என்ற வரம்பு இருக்கிறது, அதற்குப் பொருந்தும் மாடலா என்றும் கேளுங்கள்.

தகடுதட்டி:
வேறு வகை ஃபர்னஸ் வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு: ஃபர்னஸ் ரீகால் பட்டியலில் இல்லாமல் அதன் புகைக்குழாய் மட்டும் பட்டியலில் இருக்கலாம். பிளெக்ஸ்வென்ட், அல்ட்ராவென்ட் என்ற உயர்வெப்பப் பிளாஸ்டிக் குழாய்களை சிபிஎஸ்சி 1998-இல் ரீகால் செய்தது, சுமார் 2,50,000 வீடுகள். நடுத்தரத் திறன் ஃபர்னஸ், பாய்லர்களிலிருந்து சுவர் வழியாகப் பக்கவாட்டில் வெளியே போகும் குழாய் இது. சாம்பல் அல்லது கறுப்பு நிறம், மேலேயே பெயர் அச்சிட்டிருக்கும். வெள்ளை பிவிசி இதில் சேராது. இந்தக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கூடுதல். ஆகவே விரிசல் விட்டாலோ இணைப்பு கழன்றாலோ புகை வீட்டுக்குள்தான் தள்ளப்படும். சிலிக்கான் பூசி ஒட்டுவது தீர்வாகாது, குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும்.

பெரும்பாலான ஃபர்னஸ்களில், சுடர் பர்னர் இடத்தை விட்டு வெளியே அடித்தால் அணைக்கும் ரோல்அவுட் சுவிட்ச் ஒன்று பர்னர் அருகே இருக்கும். அது விழுந்தால் (துண்டித்தால்), பொதுவாக நடுவிலுள்ள பித்தானைக் கையால் அமுக்கினால்தான் திரும்ப வேலை செய்யும். ஒருமுறை விழுந்தாலே காரணம் தேட வேண்டும்: அடைபட்ட ஹீட் எக்ஸ்சேஞ்சர், விரிசல், அடைத்த புகைபோக்கி ஆகியவைதான் வழக்கமானவை. 'அடிக்கடி விழுகிறது' என்று இரு முனையையும் ஒயரால் இணைத்துவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். மன்னிக்கவே முடியாத வேலை அது. கதவைத் திறந்தால் அந்த ஒயரைத் தேடுங்கள்.

வருகிறவர் சுடரை வெறும் கண்ணால் பார்த்து 'நீலமாக இருக்கிறது, நல்லது' என்றால் திருப்பி அனுப்பலாம். புகைக்குழாயில் கருவியை விட்டு அளக்க வேண்டும், புகையில் கலந்த உபரிக் காற்றைக் கழித்த கணக்கில் கார்பன் மோனாக்சைடு 400 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது ஃபர்னஸ் தரத்தின் உச்சவரம்பு. நன்றாக ஓடும் ஃபர்னஸில் அதில் கால் பங்குகூட வராது. இயற்கை எரிவாயு என்றால் மேனிஃபோல்ட் (பர்னர்களுக்குக் கேஸைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தம் பொதுவாக 3.5 அங்குல நீர்மட்டம், தகட்டிலும் எழுதியிருக்கும். சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் ப்ளோயர் ஓடத் தொடங்கும் நொடியில் சுடர் ஆடினாலோ சாய்ந்தாலோ ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஓட்டை இருக்கலாம், கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுடர் ஆடவில்லை என்பதால் விரிசல் இல்லை என்று ஆகிவிடாது. அளந்த எண்களை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.