தெருவிலிருந்து எடுத்த பூனை: கையில் இருக்கும் பணத்துக்கு எந்தச் சிகிச்சையை முதலில் செய்வது?

சாம்பல்வால் (கேள்வி)

தெருவில் திரிந்த பெண்பூனை ஒன்றை வீட்டுக்குள் எடுத்து நான்கு நாளாகிறது. பல்லைப் பார்த்தால் ஆறேழு மாதம் இருக்கும். எடை 2.1 கிலோ. நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் காதை ஓயாமல் சொறிகிறது, உள்ளே காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு. ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. ஒரு மருத்துவமனையில் விசாரித்தால் பரிசோதனை, முழு ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, கருத்தடை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறார்கள். அவ்வளவு இப்போது என்னால் முடியாது. எதை உடனே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம், குறைந்த செலவில் எங்கே பார்க்கலாம்? வீட்டில் வயதான பூனை ஒன்றும் இருக்கிறது.

கொக்கிநகம்

எதற்கும் செலவு செய்யும் முன் காதைப் பாருங்கள். ஒரு காதின் நுனி கத்தரியால் வெட்டியது போல நேராக இருந்தால், பெரும்பாலும் கருத்தடை செய்து திரும்ப விடப்பட்ட பூனை அது. சண்டையில் கிழிந்த காது இப்படி ஒரே நேர்கோட்டில் இருக்காது. பட்டியலிலேயே பெரிய செலவு கருத்தடைதான் என்பதால் இதை உறுதி செய்துகொள்வது முக்கியம். மருத்துவமனையில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியால் தடவிப் பார்க்கவும் சொல்லுங்கள். சில நொடி வேலை. யாரோ தேடிக்கொண்டிருக்கும் பூனையாகவும் இருக்கலாம்.

அரிசிமணி போல இருப்பது நாடாப்புழுவின் துண்டுகள். காதில் இருப்பது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சிற்றுண்ணி. நாடாப்புழு இருந்தால் அநேகமாகத் தெள்ளுப்பூச்சியும் இருக்கும். ஈரமான வெள்ளைத் துணியில் பூனையைச் சீவுங்கள். விழும் கறுப்புப் பொடி செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு.

செலவைக் குறைக்கும் இடம் இங்கேதான். செலாமெக்டின் என்ற, பிடரியில் விடும் சொட்டு மருந்து தெள்ளு, காதுச் சிற்றுண்ணி, உருளைப்புழு, கொக்கிப்புழு நான்கையும் கவனித்துக்கொள்ளும். நாடாப்புழுவுக்கு மட்டும் தனியாகப் பிராசிகுவான்டெல் வேண்டும். வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மி.கி., உங்கள் பூனைக்குச் சுமார் 10 மி.கி. பலர் புழு மாத்திரையை மட்டும் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். பூனை உடலை நக்கும்போது தெள்ளை விழுங்குகிறது, அதன் வயிற்றுக்குள்தான் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கிறது. தெள்ளு ஒழியாதவரை புழுவும் ஒழியாது. சொட்டு மருந்தை மாதம் ஒருமுறையாக மூன்று மாதமாவது விடுங்கள். விரிப்பில் கூட்டுப்புழுவாக ஒளிந்திருப்பவை மெல்ல மெல்லத்தான் வெளிவரும். வயதான பூனைக்கும் அதே நாளில் மருந்து விட வேண்டும், இல்லையென்றால் சிற்றுண்ணி மாறி மாறித் தொற்றும்.

தடுப்பூசியில் விடக்கூடாதவை இரண்டு: மூன்று நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி (பான்லுகோபீனியா, ஹெர்பிஸ், காலிசி), வெறிநோய்த் தடுப்பூசி. கூட்டுத் தடுப்பூசி 3 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ். முதல் டோஸோடு நிறுத்திவிட்டால் போட்ட பணமும் வீண்.

முழு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நன்றாகச் சாப்பிடும் இளம் பூனைக்குப் பெரும்பாலும் அவசரமில்லை. எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. (பூனைக்குப் பூனை தொற்றி, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் இரண்டு வைரஸ்கள்) பரிசோதனையைத் தள்ளாதீர்கள், வீட்டில் இன்னொரு பூனை இருக்கிறதே. அண்மையில் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாது. 30 முதல் 60 நாளில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை தனி அறை, தனிக் கிண்ணம், தனி மண்தட்டு. குறைந்தது இரண்டு வாரமாவது மற்ற பூனையின் கண்ணிலேயே படாமல் இருக்கட்டும்.

தராசுத்தட்டு

எங்கே போவது என்பதற்கு: கால்நடை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை, அரசு கால்நடை மருத்துவமனை, விலங்கு நல அமைப்புகள் நடத்தும் கருத்தடை மையம் என்று இந்த வரிசையில் விசாரியுங்கள். கல்லூரி மருத்துவமனையில் மாணவர்கள் பரிசோதிப்பார்கள், பேராசிரியர் மேற்பார்வையிடுவார். நேரம் ஆகும், ஆனால் கவனமாகப் பார்ப்பார்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதையொட்டிப் பல ஊர்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும்.

தெருப்பூனைகளுக்கென்று சலுகைக் கட்டணம் வைத்திருக்கும் மையங்கள் உண்டு. நாமாகக் கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். "தெருவிலிருந்து எடுத்த பூனை" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

உள்ளே போனதும், பரிசோதனை தொடங்கும் முன்பே, இன்று எவ்வளவு செலவழிக்க முடியும் என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொகை தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற வழியைச் சொல்வார். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் எழுதுவார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் தனித்தனியாகச் செலவு மதிப்பீடு எழுதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் காட்டி "இதன் முடிவு தெரிந்தால் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது என்றால் அந்தப் பரிசோதனை காத்திருக்கலாம். மருந்துக்குப் பொதுப்பெயரில் சீட்டு கேளுங்கள். தடுப்பூசி அட்டை, சோதனை முடிவு எல்லாவற்றின் நகலையும் வாங்கி வையுங்கள். இடம் மாறும்போது அதே சோதனைக்கு இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டாம்.

மலிவான கருத்தடை என்றால் அதில் என்னென்ன அடங்கும் என்று கேட்டே ஆக வேண்டும். வலி மருந்து, கழுத்துக் கூம்பு (தையலை நக்காமல் தடுப்பது), தையல் பார்க்க வரும் நாள் எல்லாம் சேர்த்தா, தனியா? வலி மருந்து இல்லாத இடத்துக்கு எவ்வளவு மலிவானாலும் போகாதீர்கள்.

மருந்துப்பெட்டி

ஒரே ஒரு எச்சரிக்கை. நாய்க்கான தெள்ளு மருந்து விலை குறைவு என்று பூனைக்குப் போடவே கூடாது. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு நடுக்கம், வலிப்பு வந்து உயிர் போகும். பாராசிட்டமாலும் அப்படித்தான். அதை உடைத்து வெளியேற்றும் வேதிவழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். ஒரே மாத்திரை கொல்லப் போதும். இந்த இரண்டால் வரும் அவசர சிகிச்சைச் செலவில் பத்துப் பூனைக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம்.

சாம்பல்வால்

எல்லோருக்கும் நன்றி. காது நுனி முழுதாக இருக்கிறது. நேற்று இரவிலிருந்து விடாமல் கத்துகிறது, தரையில் புரள்கிறது, பின்பக்கத்தைத் தூக்குகிறது. வலியா? இந்த நிலையில் கருத்தடை செய்யலாமா?

கொக்கிநகம்

வலி இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது. இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வரும், ஆகவே அது "முடியட்டும்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை. இப்போதே அறுவை செய்ய முடியும். கருப்பைக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கும் என்பதால் சில இடங்களில் ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள், சில இடங்களில் கூடுதலாக வாங்குவார்கள். தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். தெருவில் இருந்தபோதே சினையாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். நாள் தள்ளத் தள்ள அறுவை பெரிதாகும், செலவும் ஏறும். அதுவரை கதவு, சன்னல் எல்லாம் அடைத்தே இருக்கட்டும்.

தும்மல், காய்ச்சல் இருந்தால் கருத்தடை மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முந்தைய இரவிலிருந்து உணவை நிறுத்தச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், ஒரு பிடிகூட வேண்டாம்; மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. தண்ணீரை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள் குதிக்க விடாமல் சிறிய அறையில் வைத்து, தையலைத் தினம் இருமுறை பாருங்கள். லேசான சிவப்பு பரவாயில்லை. சீழ், நாற்றம், தையல் திறப்பது, ஈறு வெளுப்பது, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கூட்டிப் போங்கள்.

தராசுத்தட்டு

மாதாமாதம் சிறு தொகையை இந்தப் பூனைக்கென்றே தனியாக ஒதுக்கத் தொடங்குங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பின்னங்கால் திடீரென்று விழுந்துபோவது போன்றவற்றில் மலிவான இடம் தேட நேரம் இருக்காது. வயதான பூனை ஆண் என்றால் இன்னொன்று: மண்தட்டில் அடிக்கடி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே தவணையில் கட்டலாமா என்று இந்த வாரமே விசாரித்து, எண்ணைப் பூனைக்கூடையின் மேலேயே ஒட்டி வையுங்கள்.